தோட்டாவும் தூரமும்

மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர்களுக்கு வேட்டுச் சத்தம் புதிதன்று. நடந்து போகும் தொலைவில், கோட்டைக் கொச்சிக் கடலோரத்தில், இந்தியக் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அதற்கு இட்ட பெயர் துரோணாச்சாரியா. பயிற்சி நடைபெறும் நாள்களில் இன்ன எல்லைக்குள் படகுகள் வரலாகாதென்று மீனவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுப்பார்கள். வில்லாசிரியரின் பெயரைப் பீரங்கிப் பள்ளிக்குச் சூட்டியவர் யாரோ, நல்ல ரசிகர்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், எங்கள் தெருவிலுள்ள நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தான். கல்லூரி மாணவன், தேசிய மாணவர் படையில்.22 ரைபிளால் சுட்டுப் பழகியவன். "மாமா, 300 மீட்டர் இலக்குக்குச் சுட வேண்டும் என்று ஆசை. அதற்கு எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது? இங்கிலீஷ் புத்தகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் படித்துச் சொல்லுங்கள்" என்றான்.

நான் துப்பாக்கியைக் கையால் தொட்டவன் அல்லன். மத்திய அரசாங்கத்துக் காகிதங்களை மொழிபெயர்த்துக் காலம் தள்ளுகிறவன். ஆயினும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க, பையன் கேட்ட கேள்வியைக் காட்டிலும் அதன் பின்னே நிற்கும் சரித்திரம் என்னைப் பற்றிக்கொண்டது. எந்தத் தூரத்துக்கு எந்தத் தோட்டா என்பதை மற்ற நாடுகளில் சுடுகிறவன் தீர்மானித்தான். நம் நாட்டிலோ, ஏறக்குறைய நூறாண்டுக் காலம், சுடுகிறவனைக் கண்டு அஞ்சியவர்கள் தீர்மானித்தார்கள்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது ஒரு முழுப் பொட்டலம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பறந்து போவது குண்டு மட்டுமே. போலீஸ் காகிதங்களில் ரவை என்று எழுதுவதும் உண்டு. இங்கே மலையாளத்தில் அதைத் 'திர' என்பார்கள். கடலலைக்கும் அதே சொல்தான். இந்த ஊரில் அது பொருத்தமாகத்தான் காதில் விழுகிறது.

மத்திய தூரம் என்று இலக்குச் சுடுவோர் சொல்வது, ஏறத்தாழ 300 கெஜத்திலிருந்து 600 கெஜம் வரையில். ஐம்பது மீட்டரில் காற்று ஒரு தொந்தரவு. ஐந்நூறு கெஜத்தில் காற்றே எதிரி. குண்டு எவ்வளவு வேகமாகப் புறப்படுகிறது, அந்த வேகத்தை எவ்வளவு தூரம் காத்துக்கொள்கிறது, தோளில் எவ்வளவு உதைக்கிறது, ஒரு தோட்டாவைப் போலவே அடுத்த தோட்டாவும் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளில் தேர்வு அடங்கிவிடும். இவற்றுள் கடைசிக் கேள்விதான் பெரியது என்று விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள்.

இந்தியாவில் தோட்டா என்றவுடன் 1857 நினைவுக்கு வரும். கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது, பசுவின் கொழுப்போ பன்றியின் கொழுப்போ என்ற ஐயம் எழுந்தது, கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் தொடங்கிய முணுமுணுப்பு மீரட்டில் தீயாயிற்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1806-ஆம் ஆண்டு வேலூரில் தலைப்பாகை செய்ததை 1857-இல் தோட்டா செய்தது. ஆனால் அந்தத் தோட்டா எதற்காக வந்தது என்பதை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

அதுவரை சிப்பாயின் கையிலிருந்தது வழுவழுப்பான குழல் கொண்ட மஸ்கட். அதன் குண்டு குழலைவிடச் சிறியது. உள்ளே உருண்டு, தட்டி, வெளியே வந்து, தன் மனம்போன போக்கில் போகும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு ரைபிளின் குழலுக்குள்ளே மரை போலச் சுழன்று செல்லும் பள்ளங்கள் வெட்டியிருந்தன. குண்டு அந்தப் பள்ளங்களைக் கவ்விச் சுழன்றுகொண்டே வெளிப்படும். பம்பரம் போல் நிலைகுலையாமல் பறக்கும். குண்டு இறுக்கமின்றி இறங்க அந்தக் கொழுப்புத் தேவைப்பட்டது. அதன் குறிகாட்டும் ஏணியில் 900 கெஜம் வரை அடையாளம் இருந்தது. இன்று நாம் மத்திய தூரம் என்கிறோமே, அந்தத் தூரம் இந்தியச் சிப்பாயின் கைக்கு எட்ட இருந்தது அந்தத் தோட்டாவின் வழியாகத்தான்.

கலகம் அடங்கியதும் ஆங்கிலேயர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. கொழுப்பை மாற்றினார்கள், கடிப்பதற்குப் பதில் கையால் கிழிக்கச் சொன்னார்கள், அதெல்லாம் சரி. அத்துடன் 1858-ஆம் ஆண்டு மாதிரி என்று ஒரு துப்பாக்கியை இந்தியப் படைகளுக்கென்றே செய்தார்கள். பார்வைக்கு என்ஃபீல்டு, உள்ளே மரை கிடையாது, வழுவழுப்பான குழல். ஏணியும் இல்லை. சிப்பாயிடமிருந்து ரைபிளைப் பறித்தார்கள் என்று சொல்வதைவிட, நூறு கெஜத்துக்கு அப்பாலுள்ள தூரத்தைப் பறித்தார்கள் என்று சொல்வதே பொருந்தும். அதன் பின்னர் ஒரு வழக்கம் வேரூன்றியது. வெள்ளைத் துருப்புகளிடம் மார்ட்டினி-ஹென்றி இருந்தபோது இந்தியத் துருப்புகளிடம் பழைய ஸ்னைடர். அவர்களிடம் .303 வந்தபோது இவர்களிடம் மார்ட்டினி. எப்போதும் ஒரு தலைமுறை பின்தங்கியே.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோலாப்பூர் அரசர் ராஜாராம் என்பவர், இருபது வயது இளைஞர், 1870-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றார். திரும்பும் வழியில் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில், அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் தேதி, காலமானார். அர்னோ நதிக்கரையில் இந்து முறைப்படி தகனம் நடந்தது. அங்கே அவருக்கு எழுப்பிய நினைவு மண்டபம் இன்றும் நிற்கிறது. அருகிலுள்ள பாலத்தைக்கூட அவ்வூரார் 'இந்தியன் பாலம்' என்றே அழைக்கிறார்கள். கோலாப்பூர் அரசர் அளித்த கோப்பைக்கான ரைபிள் பந்தயம் 1871-இல் இங்கிலாந்தில் விம்பிள்டன் மைதானத்தில் தொடங்கியது. பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் குழுக்களாகப் போட்டியிடும் அந்தப் பந்தயம், பிற்காலத்தில் பிஸ்லிக்கு மாறி, இன்றும் நடைபெறுகிறது. சுடும் தூரம் 300, 500, 600 கெஜம். மத்திய தூரப் பந்தயங்களுள் பழம்பெருமை வாய்ந்த ஒன்றுக்கு இந்திய ஊர் ஒன்றின் பெயர்!

கோப்பை தொடங்கி ஏழே ஆண்டுகளில், 1878-இல், லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். எங்கள் ஊரில் இது விசித்திரமாக அமைந்தது. கோட்டைக் கொச்சி அப்போது பிரிட்டிஷ் கொச்சி. சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. சட்டம் அங்கே செல்லும். அதையொட்டிய மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ராஜ்யம்; பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் அங்கே தானாகச் செல்லாது. ஒரே வீதியில் நடந்துபோகிறவன் ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்குள் காலெடுத்து வைப்பான்.

இப்போது .303-க்கு வருவோம். நம் நாட்டில் 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரைக் கேளாதவர் இல்லை. 1880-களின் இறுதியில் அது பிறந்தபோது கரிமருந்தையே அடைத்தார்கள். 1891 வாக்கில் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. சேமியாவைப் போல நீளநீளமான இழைகள்; கட்டாகக் கட்டிக் கூட்டுக்குள் நுழைப்பார்கள். முதல் வகைக் கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின். அந்தச் சூட்டில் குழல் விரைவில் அரித்துப் போயிற்று; பிறகு அதை 30 பங்காகக் குறைத்தார்கள்.

கார்டைட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு உண்டு. நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, மலை ரயில் நின்று செல்லும் அருவங்காட்டில், 1904-ஆம் ஆண்டு கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதற்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். தென்னாட்டில் வீட்டு விளக்கு எரியுமுன் தோட்டா மருந்துக்காக அருவி உழைத்தது. அந்தத் தொழிற்சாலை இன்றும் மருந்து செய்கிறது. 2021-இல் படைக்கலத் தொழிற்சாலைகளை அரசாங்கக் கம்பெனிகளாகப் பிரித்தபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனியைச் சேர்ந்தது.

.303-இன் குண்டு முதலில் 215 கிரெயின் எடையும் மொட்டை மூக்கும் கொண்டது. விநாடிக்கு இரண்டாயிரம் அடிக்குச் சற்று மேற்பட்ட வேகம். அதன் மூக்கை மென்மையாக்கி, உடலுக்குள் விரிந்து சிதைக்கும்படி 1890-களில் செய்து பார்த்தது அதே டம்டம் ஆயுதசாலை. உலகம் முழுவதும் 'டம்டம் குண்டு' என்ற அவப்பெயர் பரவியது. 1899-இல் ஹேக் மாநாட்டில் அவ்வகைக் குண்டுகளைப் போரில் விலக்கும் பிரகடனம் பிறந்தது. இலக்குச் சுடுவோருக்கு நல்ல காலம் பிறந்தது 1910-இல், ஏழாம் மார்க்குத் தோட்டாவுடன். கூர்மூக்கு, 174 கிரெயின், விநாடிக்கு 2,440 அடி. 600 கெஜத்தில்கூட ஒலியின் வேகத்துக்குக் குறையாமல் செல்லும். பிஸ்லி மைதானத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் மத்திய தூரத்தை ஆண்டது இந்தத் தோட்டாதான்.

அதற்கு ஏற்ற லீ-என்ஃபீல்டு ரைபிளைப் பற்றி ஒரு விநோதம். அதன் பூட்டு பின்புறத்தில் பிடிப்பதால், சுடும்போது ரைபிளே சற்று வளைந்து துள்ளும். வேகம் குறைந்த குண்டு வெளியேறும் கணத்தில் குழலின் வாய் சற்று மேலே தூக்கி நிற்கும். வேகம் மிகுந்த குண்டுக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆகவே 900, 1,000 கெஜத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் விழும். 300, 500 கெஜத்தில் அந்த உதவி முழுமையாகக் கிட்டாது. மத்திய தூரத்தில் ரைபிள் தோட்டாவின் குற்றத்தை மறைக்காது. தோட்டாவே ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

ஒழுங்கு என்றதும் நம் மழைக்காலத்தைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவ மழையின்போது வருவதால் 'பருவ வெடிப்பு' என்றே பெயரிட்டார்கள். கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளங்கிற்று. கூட்டைப் பக்குவமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தை நீக்கும் முறை அதற்கு மருந்தாயிற்று. பழைய கேப்புகளில் இருந்த உப்பு குழலுக்குள் தங்கிவிடும்; மட்டாஞ்சேரிக் காற்றில் ஓர் இரவு போதும், துருப்பிடித்துவிடும். சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவுவது அக்காலத்துச் சம்பிரதாயம்.

இத்தனைச் சிறப்பும் வாய்ந்த .303, இந்தியக் குடிமகனுக்கு எட்டாக்கனி. படையின் தோட்டா குடிமகனின் துப்பாக்கியில் பொருந்தலாகாது என்பது விதி. படைக்கிடங்கிலிருந்து திருடுபோகும் தோட்டா வெளியில் பயன்படக்கூடாது என்பது காரணம். 1907-ஐ ஒட்டி .450 அளவு ரைபிள்களின் இறக்குமதியையும் இதே காரணத்துக்காகத் தடுத்தார்கள். மார்ட்டினியின் குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சளைக்கவில்லை. சட்டத்தின் எல்லையை ஒரு மயிரிழை தாண்டி .465, .470 என்று புதிய தோட்டாக்களைச் செய்து விற்றன. யானை வேட்டைக்காரர்கள் இன்றும் மெச்சும் .470 பிறந்த கதை இதுவே. ஆப்பிரிக்கக் காட்டில் அதைச் சுமந்து திரிந்தவர்களில் எத்தனை பேர் இந்தியாவின் தடை உத்தரவை நினைத்திருப்பார்கள்!

.303-க்கு மாற்றாக வந்தது .315. ஆஸ்திரியப் படையின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாதான் அது. பெயர் மட்டும் அங்குலக் கணக்கில். கனமான மொட்டைக் குண்டு, மிதமான வேகம். நூறு கெஜத்துக்குள் நிற்கும் காட்டுப்பன்றிக்குப் போதும். ஆனால் 300 கெஜத்துக்கு அப்பால் வளைந்து தாழும். காற்றுக்கும் எளிதில் வசப்படும். இலக்குப் பந்தயத்துக்கென்று யாரும் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். சுதந்தரத்துக்குப் பின்னும் நம் படைக்கலத் தொழிற்சாலைகள் குடிமக்களுக்கென்று செய்து விற்ற ரைபிள்களில் இதுவே முக்கியமானது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டுப்பன்றிக்கும் பயனில்லை. வங்கி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் காவலரின் மடியில் அதை இப்போதும் காணலாம்.

அந்நியன் அஞ்சியது போகட்டும், நம்முடைய சொந்த அரசாங்கம் ஏன் தொடர்ந்தது என்று கேட்கலாம். 1959-இல் நாடாளுமன்றம் இயற்றி, 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. ஐரோப்பியர், இந்தியர் என்ற பாகுபாடும் ஒழிந்தது. ஆனால் படைத் தோட்டா குடிமகனுக்கு விலக்கு என்ற விதி நின்றது. அரசாங்கத்தின் உப்பைத் தின்கிறவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. அதற்காக இலக்குச் சுடும் வித்தை கொடுத்த விலையும் சின்னதில்லை.

அதே 1962-இல் சீனப் போர். அடுத்த ஆண்டே இஷாப்பூர் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு அமைப்பையே மேலும் உறுதியான எஃகில் செய்து, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியது. .303-இன் கூட்டுக்கு அடியில் துருத்திய விளிம்பு உண்டு, 7.62-க்கு அது இல்லை. கூடும் குட்டை, 51 மில்லிமீட்டர். இலக்குச் சுடுவோர் இதில் 155 கிரெயின் குண்டைச் செருகி 300 முதல் 1,000 கெஜம் வரை ஒரே தோட்டாவால் சமாளிக்கிறார்கள். நம் நாட்டிலோ, 7.62 வந்தவுடன் அதுவும் விலக்குப் பட்டியலில் சேர்ந்தது. .303-உம் விடுதலையாகவில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தன்றுதான் அதற்கு விடைகொடுத்தது.

இதற்கிடையே ஒரு நல்ல காரியமும் நடந்தது. மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர் 1951-இல் தேசிய ரைபிள் சங்கத்தை நிறுவினார். அகிம்சை வழி நின்ற காங்கிரஸ்காரர், சபையை நடத்தியவர், துப்பாக்கிச் சங்கத்துக்கும் தலைவரானது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் ஆயுதத்தை அச்சத்தின் பொருளாகவே வைத்திருந்த நாட்டில் அதைப் பழக்கத்தின் பொருளாக்க யாரேனும் ஒருவர் முன்வரத்தானே வேண்டும்? இளம் சுடுவோர் இன்றும் அவர் பெயரிலுள்ள போட்டியைக் கடந்தே தேசியப் போட்டிக்கு வருகிறார்கள். 300 மீட்டர் பந்தயங்களோ பெரும்பாலும் படையினரின் களமாகவே இருந்துவிட்டன. ஒலிம்பிக்கிலும் 1972 மூனிச்சுக்குப் பிறகு 300 மீட்டர் ரைபிள் இல்லை. உலகச் சாம்பியன் போட்டிகளில் அது தொடர்கிறது. அங்கே பலரும் விரும்புவது 6 மில்லிமீட்டர் பி.ஆர். என்னும் குள்ளமான தோட்டா. உதை குறைவு, துல்லியமோ மிகுதி.

நமக்குப் பெருமை தேடித் தந்தவை குறுகிய தூரங்களே. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கமும், 2012 லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நாரங்கின் வெண்கலமும் 10 மீட்டர் காற்று ரைபிளில் கிடைத்தன. காற்று ரைபிளுக்குத் தோட்டாவே கிடையாது. ஓர் ஈயச் சில்லும் அழுத்திய காற்றும் போதும்.

இவ்வளவையும் பையனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்படியானால் நான் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லையா, மாமா?" என்றான்.

இருக்கிறது என்றேன். அவன் கையிலுள்ள .22-இலேயே இருக்கிறது. 40 கிரெயின் ஈயக் குண்டு, ஒலியின் வேகத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் குறைந்தோ செல்வது. 1887 முதல் பெரிய மாற்றமில்லாமல் வரும் தோட்டா. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே பெட்டி. ஆனால் ஒவ்வொரு முறை செய்ததற்கும் தனி எண் உண்டு. ஒரு குழலுக்கு ஒத்துப்போகும் எண் இன்னொரு குழலுக்கு ஒத்துப்போகாது. ஏன் என்று முழுமையாகக் கணக்கிட்டுச் சொல்ல முடிவதில்லை. சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் தோட்டாக் கம்பெனிகள் இதற்கென்று சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. வீரர்கள் தங்கள் குழலைக் கொண்டுபோய் அங்கே பொருத்தி, எண்ணுக்கு எண் சுட்டு, கூட்டம் சிறிதாக விழும் எண்ணைக் கண்டதும் அந்த எண்ணில் கிடைப்பதையெல்லாம் வாங்கி வந்துவிடுகிறார்கள். ஜவுளிக் கடையில் ஒரே சாயத்தில் தோய்த்த சேலை வேண்டுமென்று பெண்கள் கேட்பதைப் போல. அயல்நாடு போக முடியாதவன், கிடைத்த நான்கு எண்களில் பத்துப் பத்தாகச் சுட்டு, காகிதத்தில் தேதியும் காற்றும் ஈரமும் குறித்து வைக்கலாம். எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

"50 மீட்டரில் இதைக் கற்றவனுக்கு 300 மீட்டர் தோட்டாவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவன், வாசற்படியில் நின்று, "மாமா, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிளில், மூன்று நிலைப் பந்தயத்தில், வெண்கலம் வாங்கினாரே ஸ்வப்னில் குசாலே, அவர் எந்த ஊர் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.

"கோலாப்பூர் ஜில்லா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தான்.